முகத்துக்கு உரிய ஒளி

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டித் தொடங்கப்பெற்ற புகைப்படத் தொழிற்பயிற்சி வகுப்பின் தொடக்க நாளன்று ஆற்றிய உரை)

    

இரவுப் பாடசாலை நடத்துவதும், ஏழை மாணவர்க்குப் பாடநூலும் தேர்வுக் கட்டணமும் அளிப்பதும் ஒரு கல்விச் சங்கத்தின் பணி என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் வெள்ளி விழா ஆண்டில் புகைப்படப் பயிற்சி எதற்கு? விளக்கும் குடையும் துணிப்பெட்டியும் வாங்கச் சங்கத்தின் பணத்தைச் செலவிடலாமா? இவ்வாறு சிலர் கேட்டதாக அறிகிறேன். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு ரூபாயும் உழைப்பாளியின் கூலியிலிருந்து வந்த பணம்; கணக்குக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அக்கேள்விக்கு விடை கூறுவதே என் உரையின் நோக்கம்.

என் விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளின் முகம் படத்தில் தெளிவாகத் தெரியாமற் போவதற்கு அவர்களுடைய நிறம் காரணமன்று. அவர்கள்மேல் விழும் ஒளியே காரணம். அவ்வொளியைத் திருத்துவதற்குப் பெருஞ்செலவும் நீண்ட நேரமும் தேவைப்பட்ட காலம் மலையேறிவிட்டது. இனி ஒருவர் அதனைச் செய்யாமல் விட்டால், செய்ய மனமில்லை என்பதே பொருள்.

நான் வரலாறு பயின்று பட்டம் பெற்றவன். ஆகவே வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். 1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவராகிய தாகேர் கண்ட புகைப்பட முறை பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழிவதற்குள் அக்கருவி நம் நாட்டு மக்களை வகைப்படுத்தும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்னும் பெயரில் எட்டுத் தொகுதிகள் இலண்டனில் வெளியாயின. அவற்றில் 468 படங்கள் இருந்தன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு தொகுத்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்னும் நூல் 1909இல் ஏழு தொகுதிகளாக வந்தது. அவர் கருவி கொண்டு மனிதர்களின் மூக்கையும் தலையையும் அளந்தவர். அத்தகைய நூல்களில் நம் முன்னோரின் படங்களும் உண்டு. ஆனால் படத்தின் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர்தான் இருக்குமேயன்றி, நிற்கின்ற ஆளின் பெயர் இராது. அவர்கள் அங்கே மனிதர்களாக நிற்கவில்லை, மாதிரிகளாக நிறுத்தப்பட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பியோடி, பின்னர் பெரும் எழுத்தாளராகவும் சொற்பொழிவாளராகவும் விளங்கியவர் பிரெடரிக் டக்ளஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர்களில் மிகுதியாகப் படம் எடுக்கப்பட்டவர் அவரே என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஏறத்தாழ 160 படங்கள் கிடைத்துள்ளன. கறுப்பின மக்களை இளித்த முகத்தோடு கேலிச்சித்திரமாக வரைந்த நாட்டில், அவர் கோட்டு அணிந்து, தலை நிமிர்ந்து, சிரிப்பின்றி நேராகப் பார்த்துப் படத்துக்கு அமர்ந்தார். 1861இல் தொடங்கிப் புகைப்படத்தைப் பற்றியே பல மேடைகளில் உரையாற்றினார். கேலிச்சித்திரத்துக்கு மறுப்பு உண்மைப் படமே என்பது அவர் கண்ட முடிவு. நம் குடிசைகளிலும் அண்ணல் அம்பேத்கர் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து சுவரில் வீற்றிருக்கிறாரே, அப்படம் படிப்பறியாத நம் பாட்டிமார்க்கும் எத்துணை பாடங்களைச் சொல்லித் தந்திருக்கிறது! படம் என்பது பொழுதுபோக்கு மட்டுமே என்று நம்மவர் எவரும் கூற இயலாது.

இனி நம் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பொதுத்தேர்வு எழுதும் ஒவ்வொரு மாணவருக்கும் படம் எடுக்க வேண்டும். தேர்வுக்கூட நுழைவுச்சீட்டிலும் மதிப்பெண் சான்றிதழிலும் அப்படமே அச்சாகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், முதுமையில் பேரப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதும் அச்சான்றிதழில் அந்த முகந்தான் இருக்கும். ஆனால் அதை எடுக்கும் முறை யாது? சுவரில் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் முதுகு படும்படி பிள்ளை. காமிராவின் தலையில் ஒரு சிறு பிளாஷ் விளக்கு. நண்பகலுக்குள் 200 பேரை முடித்தாக வேண்டும். முடிவு என்ன? நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைத் திட்டு. கண்ணும் கன்னமும் இருளில் மூழ்கிவிடுகின்றன. பின்னால் துணியில் கரிய நிழல். தன் படத்தைப் பார்த்தவுடன் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்த மாணவிகளை நான் கண்டிருக்கிறேன். ‘நான் கறுப்பு, என் படம் இப்படித்தான் வரும்' என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. பாடநூலில் எங்கும் இல்லாத இந்தப் பாடத்தை, பள்ளிக்கூடமே அதற்குக் கற்பித்துவிடுகிறது.

சில படக்கடைகளில் இதற்கு மாற்றாக வேறொன்று செய்கிறார்கள். கணிப்பொறியில் முகத்தை வெளுத்துத் தருகிறார்கள். பிள்ளையின் நிறம் போய்விடுகிறது. அதோடு முகத்தின் கோடும் மச்சமும் தழும்பும் போய்விடுகின்றன. அடையாளத்துக்காக எடுத்த படத்தில் அடையாளத்தையே அழித்துவிட்டுக் காசும் வாங்கிக்கொள்கிறார்கள். இருளில் மூழ்கடிப்பதும் வெண்மையில் கரைப்பதும் பார்வைக்கு வேறு வேறு. இரண்டிலும் இழப்பு ஒன்றே.

இவ்விரண்டு தீங்குக்கும் காரணத்தை அறிவியல் வழியில் காண்போம். நண்பகலில் வெட்டவெளியில் நில்லுங்கள். உங்கள் நிழல் கத்தியால் நறுக்கியதுபோல் தரையில் விழும். சூரியனின் குறுக்களவு ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீட்டர். ஆயினும் அது 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், அரைப் பாகை அகலமுள்ள சிறு வட்டமாகவே நமக்குத் தெரிகிறது. சிறிய வட்டத்திலிருந்து வரும் ஒளி ஏறக்குறைய ஒரே திசையில் வருகிறது, நிழலும் கடுமையாகிறது. மேகம் மூடிய நாளிலோ வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒளி நிழலின் ஓரத்தைக் கரைத்துவிடுகிறது. இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: படம் எடுக்கப்படுபவரின் இடத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறதோ, அவ்வளவுக்கு ஒளி மென்மையாகும். சில அங்குலமே அகலமுள்ள பிளாஷ் விளக்கு ஒரு நண்பகற் சூரியன். அதை மேகத்தால் மூடுவதே நம் வேலை.

கருநிற முகத்துக்கு இவ்விதி இன்னும் முதன்மையானது. கருந்தோல் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். ஆனால் தோலின்மேல் படிந்த எண்ணெயும் வியர்வையும் கண்ணாடிபோல் மின்னுவது எந்நிறத்தார்க்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே கரிய முகத்தில் மினுக்கத்துக்கும் மற்றப் பகுதிக்கும் இடையே வேறுபாடு மிகுதி. சிறு விளக்கு அம்மினுக்கத்தை ஒரு வெள்ளைப் புள்ளியாகக் குவித்துவிடும். பெரிய விளக்கு அதனையே அகலப் பரப்பி, கன்னத்தின் எடுப்பையும் தாடையின் வளைவையும் காட்டும். கருங்கற் சிலையை டார்ச் விளக்கால் பாருங்கள். அங்குமிங்கும் பளிச்சிடும், உருவம் தெரியாது. காலை ஒளியில் பாருங்கள். சிற்பியின் உளி ஓடிய வழியெல்லாம் தெரியும்.

இரண்டாவது காரணம் காமிராவுக்குள் இருக்கிறது. தன்னெதிரில் உள்ள காட்சி, சராசரியாக நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அளவில் ஒளியைத் திருப்பும் சாம்பல் நிறம் என்று கொண்டே காமிராவின் ஒளிமானி கணக்கிடுகிறது. பின்னால் வெள்ளைத் துணி விரிந்து கிடந்தால், ஒளி மிகுதி என்று எண்ணிக் குறைத்துவிடும். முகம் மேலும் இருண்டுபோகும். இதற்கு மருந்து எளிது. முகத்தின் அருகில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து அளவு பாருங்கள். அல்லது முகத்தில் விழும் ஒளியையே அளக்கும் தனிக் கருவியால் அளந்து, அந்த அளவைக் கைமுறையாக நிலைநிறுத்திவிடுங்கள். தானியங்கியை நம்பாதீர்கள்.

மூன்றாவது காரணம், இக்கருவிகள் நம்மை எண்ணிச் செய்யப்படவில்லை என்பது. 1950களிலிருந்து வண்ணப் படம் அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் மாதிரி அட்டைகள் அனுப்பியது. அவற்றில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. 'ஷர்லி அட்டை' என்று பெயர்பெற்ற அவ்வட்டையின் தோல் நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்பது வழக்கம். பல நிறத்தாரையும் கொண்ட அட்டைகள் 1990களில்தான் வந்தன. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களைக் கட்டுப்படுத்திய அனுமதிச் சீட்டுகளுக்குப் போலராய்டு காமிராவால் படம் எடுக்கப்பட்டது. அந்நிறுவனத்திலேயே பணிபுரிந்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினத்தார் இருவர் 1970இல் அதை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். 1977இல் நிறுவனம் அந்நாட்டு வணிகத்தைக் கைவிட்டது. 2018இல் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இரு பெண் அறிஞர்கள், முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தனர். வெண்ணிற ஆண்களிடத்தில் பிழை நூற்றுக்கு 0.8க்கு மேற்போகவில்லை, கருநிறப் பெண்களிடத்தில் நூற்றுக்கு 34.7 வரை சென்றது. ஒளியும் கருவியும் நடுநிலையானவை என்று இனியும் எண்ணிக்கொண்டிருத்தல் கூடாது.

இனி, செய்ய வேண்டியது யாது? ஒளியைப் பெரிதாக்கும் கருவிகள் பல உள்ளன. அவற்றுள் முன்னோடியான ஒரு செயல் நம் நாட்டிலேயே நடந்தது. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' என்னும் வங்கப் படம் 1956இல் வெளியாயிற்று. காசி நகரத்து வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா அரங்கின்மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அத்துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, முற்றத்தில் இறங்கும் வானத்து ஒளிபோல் மென்மையாக விழுந்தது. ஒரு வெள்ளைத் துணி செய்த வேலை அது!

இன்று ஸ்டுடியோக்களில் பயன்படுவன முதன்மையாக இரண்டு. ஒன்று குடை. வெண்குடையானால் ஒளி அதன் ஊடே வரும்; உட்புறம் வெள்ளிப் பூச்சும் வெளிப்புறம் கறுப்புத் துணியும் உள்ள குடையானால் ஒளி அதில் பட்டுத் திரும்பி வரும். மற்றொன்று 'சாப்ட் பாக்ஸ்' எனப்படும் துணிப்பெட்டி. வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளிப் பூச்சு, முன்புறம் வெள்ளைத் திரை. குடை நாற்புறமும் ஒளியைச் சிதறவிடும். வெள்ளையடித்த அறையில் அது நன்மையே. பச்சையோ மஞ்சளோ பூசிய வகுப்பறையில் சுவரின் நிறம் முகத்தில் ஏறிவிடும். அங்கே ஒளியை ஒருபுறமாகச் செலுத்தும் துணிப்பெட்டியே ஏற்றது.

பழைய துணிப்பெட்டியை மாட்டுவது எளிய வேலையன்று. நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாக வில்போல் வளைத்து வளையத்தின் துளையில் செருக வேண்டும். பழகாதவர்க்குப் பத்து நிமிடம் ஆகும். கம்பி நழுவினால் கையைப் பதம் பார்க்கும். இதனாலேயே வெளியிடங்களுக்குச் செல்வோர் அதை எடுத்துச் செல்வதில்லை. ‘நேரமில்லை' என்று சொல்லி வெறும் பிளாஷோடு வருவார்கள். இன்றோ கம்பிகள் நடுத்தண்டிலேயே பொருத்தப்பட்டு, மழைக்குடைபோல் விரியும் துணிப்பெட்டிகள் வந்துவிட்டன. விரித்து, தாங்கியில் மாட்டி, முன்திரையை ஒட்டினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. மடக்கினால் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறலாம். 80 அல்லது 90 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒன்று, ஒருவர் முகத்துக்கும் மார்பளவுப் படத்துக்கும் போதும். நேரமில்லை என்னும் சாக்கு இதனால் ஒழிந்தது. இச்சிறு கருவியைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதன் காரணமும் அதுவே.

மாணவச் செல்வங்களே! முறையைக் கவனமாகக் கேளுங்கள். பிள்ளையைச் சுவரிலிருந்து நான்கைந்து அடி முன்னே அமர்த்துங்கள். நிழல் சுவரில் விழாது. விளக்கை ஒருபுறமாக, கண்மட்டத்துக்குச் சற்று மேலே, முகத்திலிருந்து மூன்று அல்லது நான்கு அடி தொலைவில் வையுங்கள். மறுபுறத்தில் ஒரு தெர்மாகோல் பலகையைப் பிடியுங்கள்; நிழல் விழும் கன்னத்துக்கு அது ஒளி தரும். விழிகளில் ஓர் ஒளிப்பொட்டுத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால்தான் முகம் உயிரோடிருக்கும். விளக்கின் தொலைவை இருமடங்காக்கினால் ஒளி பாதியாகாது, நாலில் ஒரு பங்காகும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆகவே பிள்ளை அமரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுங்கள். 200 பேருக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். பலர் சேர்ந்து நிற்கும் படத்துக்கு விளக்கைத் தொலைவுக்குக் கொண்டுபோங்கள். இல்லையேல் அருகில் நிற்பவர் வெளுத்தும் கடைசியில் நிற்பவர் இருண்டும் தோன்றுவர். வெளியிடத்தில் தாங்கியின் அடியில் மணல் மூட்டை வையுங்கள். குடை காற்றில் பாய்மரம் ஆகிவிடும். சூடேறும் ஆலசன் விளக்கைத் துணிக்குள் வைக்காதீர்கள், தீப்பற்றக் கூடும்.

இன்னொன்று: படம் எடுக்கும் நாளில் தாய்மார்கள் அன்போடு பிள்ளையின் முகத்தில் பவுடரை அப்பி அனுப்புகிறார்கள். அப்பவுடர் விளக்கொளியில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். கைக்குட்டையால் வியர்வையை ஒற்றியெடுத்தால் போதும்.

விளக்கு வாங்க வசதியில்லாதவர் மனம் தளர வேண்டா. வெயில் நேராக விழாத தாழ்வாரத்தில், வானத்தை நோக்கி அமர்த்துங்கள். சன்னலில் வெயில் அடித்தால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். அதுவே துணிப்பெட்டி. தொடக்ககால ஸ்டுடியோக்களும் கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் பகலொளியைத் திரைகட்டித் திருத்தியே படம் எடுத்தன.

‘வெளுத்துக் கொடுங்கள் என்று வாடிக்கையாளரே கேட்கிறாரே, நாங்கள் என் செய்வது?' என்று தொழிலில் உள்ள இளைஞர் ஒருவர் என்னிடம் வினவினார். அது பொய்யான வினா அன்று, வயிற்றுப்பாட்டின் வினா. அவருக்கு நான் கூறியதையே இங்கும் கூறுகிறேன். இருளில் மூழ்கிய படத்தை மட்டுமே வாழ்நாள் முழுதும் கண்டவர், வெளுத்த படத்தைத் தவிர வேறு எதைக் கேட்பார்? அவர் வெறுப்பது தம் நிறத்தையா, தமக்குக் கிடைத்த படத்தையா என்பதை அவரே அறியார். முதலில் நல்ல ஒளியில், அவருடைய நிறத்திலேயே ஒரு படம் எடுத்து அவர் கையில் கொடுங்கள். அதன்பிறகும் வெளுக்கச் சொன்னால், அது அவர் விருப்பம். அந்த முதற்படத்தைக் கொடுக்காமலே வெளுப்பது தொழில் தர்மம் ஆகாது.

ஒரு குடை சாதியை ஒழித்துவிடும் என்று நான் கூற வரவில்லை. நிலமும் கூலியும் கல்வியும் பதவியும் அமைப்பாகத் திரண்டு போராடிப் பெற வேண்டியவை. ஆயினும் அப்போராட்டத்துக்குச் செல்லும் பிள்ளை, தன் முகத்தைக் கண்டு கூசாத பிள்ளையாக இருக்க வேண்டும் அல்லவா?

நிறைவாக, சங்கப் பொறுப்பாளர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவதாக, விரைவில் விரியும் துணிப்பெட்டி, தாங்கி, விளக்கு, தெர்மாகோல் பலகை ஆகியவை அடங்கிய தொகுதி ஒன்றைச் சங்க நூலகத்தில் வைத்து, நூல்போல் பதிவேட்டில் எழுதிக்கொண்டு இரவல் தாருங்கள். இரண்டாவதாக, இங்குப் பயிலும் இளைஞர்கள் தேர்வுக் காலத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குச் சென்று முறையான கட்டணத்தில் படம் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்; அவர்க்குப் பிழைப்பும் பிள்ளைகளுக்கு நல்ல படமும் கிடைக்கும். மூன்றாவதாக, நம் தெருக்களில் வாழும் முதியோரை, வயலிலும் சூளையிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்துத் தேய்ந்தவர்களை, நல்ல ஒளியில் அமர்த்திப் படம் எடுங்கள். படத்தின் கீழே அவர்களுடைய பெயரையும் ஊரையும் அவர்கள் செய்த பணியையும் எழுதுங்கள். பெயரின்றி மாதிரியாக நிறுத்தப்பட்ட நம் முன்னோர்க்கு நாம் செலுத்தக்கூடிய கடன் இதுவே.

சங்கப் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று கேட்ட பெரியவர்கள், முதல் ஆண்டு முடிந்தபின் சான்றிதழ்களில் உள்ள முகங்களைப் பார்த்துத் தீர்ப்புக் கூறட்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க கல்விச் சங்கம்! ஓங்குக ஒற்றுமை! ஜெய் பீம்!